மலைக்கு முதுகு காட்டி நிற்கிறோம்

சேலத்துக்காரன் நான். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஏற்காடு போய்விட்டு இறங்கியதும் சொல்லும் ஒரே பேச்சைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். "ஏற்காட்டுல என்னப்பா இருக்கு? அரை நாள் போதும்." அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: "ஏழைகளின் ஊட்டிதானே."

இந்த இரண்டும் இன்று பொதுக்கருத்தாகவே நிலைத்துவிட்டன. வாடகை வேன் ஓட்டுநர் இதைத்தான் சொல்கிறார். விடுதி வரவேற்பறையில் இருப்பவரும், யூடியூபில் ஊர் சுற்றிக் காட்டுபவரும் இதையேதான் சொல்கிறார்கள். ஏரியில் படகு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், தண்ணீர் இருந்தால் கிளியூர் அருவி, நடுவில் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி, மாலை ஐந்து மணிக்கு இறக்கம். ஏற்காடு பார்த்தாகிவிட்டது.

ஏற்காடு பார்த்தாகவில்லை என்கிறேன். இந்தப் பட்டியல் ஏற்காட்டைக் காட்டவே இல்லை என்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். லேடீஸ் சீட்டில் நின்றவர்கள் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள், எதைப் பார்த்தீர்கள்? கீழே சேலம் நகரம். பாம்பு போல வளைந்து ஏறிவரும் மலைப்பாதை. வானம் தெளிந்த நாளென்றால் தொலைவில் மேட்டூர் நீர்ப்பரப்பு. பக்கத்திலேயே இருக்கும் ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் இரண்டிலிருந்தும் தெரிவது அதே சமவெளி. மலையின் இன்னொரு விளிம்பில் பகோடா பாயின்ட் இருக்கிறது. அங்கிருந்து அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளி தெரியும். கூட்டம் கூடுகிற எல்லா இடங்களிலும் கைப்பிடிக் கம்பி கீழ்நோக்கியே போடப்பட்டிருக்கிறது. நாம் மலையேறிப் போய், மலைக்கு முதுகைக் காட்டி நின்று, எந்த ஊரிலிருந்து கிளம்பினோமோ அந்த ஊரையே பார்த்துவிட்டு வருகிறோம். தரங்கம்பாடிக்குப் போகிறவர் கடலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு வந்த சாலையையே பார்த்துவிட்டுத் திரும்பினால், அவர் தரங்கம்பாடி பார்த்தார் என்று ஒப்புக்கொள்வோமா?

வெள்ளைக்காரர்களுக்கு அந்த இருக்கைகள் தேவைப்பட்டிருக்கலாம். சமவெளியின் வெயிலுக்குத் தப்பி மேலே வந்தவர்கள் சாயங்காலம் உட்கார்ந்து, தாங்கள் ஆளும் மாவட்டத்தை மேலிருந்து பார்த்தார்கள். பெயர்களே அந்தக் காலத்தின் பெயர்கள். அவர்கள் உட்கார்ந்த கல்லில் நாமும் உட்காரலாம், தப்பில்லை. அதுதான் மலை என்று நம்பிவிட்டதுதான் தப்பு.

அந்தப் பட்டப்பெயருக்கு வருகிறேன். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். எழுநூறு மீட்டர் குறைவு, குளிர் குறைவு, செலவு குறைவு, ஆகவே மாற்றுக் குறைந்த ஊட்டி. இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்த எழுநூறு மீட்டரில்தான் இந்த மலையின் உயிரே இருக்கிறது. ஊட்டியின் உறைபனியில் காப்பிச் செடி நிற்காது. அங்கே தேயிலைதான். அராபிகா காப்பிக்கு வேண்டிய உயரமும் நிழலும் ஈரமும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அமைந்திருக்கின்றன. காப்பிக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தில் (சில்வர் ஓக்கை இங்கே தோட்டத்து ஆட்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்) மிளகுக்கொடி ஏறியிருக்கும். ஊடே பலா, ஆரஞ்சு, பேரி, வெண்ணெய்ப்பழம். நீலகிரி மேற்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தது, இது கிழக்குத் தொடர்ச்சி. மழை வேறு, பயிர் வேறு, மக்கள் வேறு. ஒன்றை இன்னொன்றின் மலிவுப் பதிப்பு என்று சொல்ல என்ன முகாந்திரம் இருக்கிறது?

வயதில்கூட ஏற்காடு ஊட்டிக்குத் தம்பி இல்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு முதன்முதலில் ஏறியது 1819இல். சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து நட்டது 1820களில். இரண்டும் ஒரே தலைமுறையின் வேலை. அந்தக் காக்பர்ன் குடும்பம் பிற்பாடு கோத்தகிரியில் குடியேறியது. நீலகிரியின் தோட்டப் பயிர் வரலாற்றிலும் அவர்கள் பெயர் இருக்கிறது. சேர்வராயன் மலையில் கற்றுக்கொண்டவர் நீலகிரிக்குப் போனார் என்பதுதான் நடந்த கதை.

சரி, மலைக்கு முகம் திருப்பினால் என்ன தெரியும்? காப்பி தெரியும்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும் ஏதாவது ஒரு நாள், ஒண்டிக்கடை தாண்டி நாகலூர்ப் பக்கமோ மஞ்சக்குட்டைப் பக்கமோ நடந்து பாருங்கள். ஊர்ச் சாலைகள் தோட்டங்களுக்கு நடுவேதான் போகின்றன. வேலிக்குள் காலை வைக்காமலே எல்லாம் தெரியும். சரிவில் பெண்கள் வரிசை பிடித்து நிற்பார்கள். இடுப்பில் பை கட்டியிருக்கும். ஒரு கை கிளையை வளைத்துப் பிடிக்கும், இன்னொரு கை காய்களுக்குள் நுழையும். ஒரே கணுவில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்திருக்கும். சிவப்பை மட்டும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருகி எடுக்கும், பச்சை அப்படியே நிற்கும். அந்தச் செடிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து அதே பெண் திரும்பி வருவாள். கீழே உதிர்ந்த பழத்தையும் விடமாட்டார்கள், குனிந்து பொறுக்குவார்கள். உதிர்ந்த பழத்தில் காய்த்துளைப்பான் வண்டு தங்கி அடுத்த வருசத்து விளைச்சலைக் கெடுத்துவிடும். சாயங்காலம் சாலையோரத்தில் எடை போடுவார்கள். விரல் நுனிகளில் பழச்சாறு கறுத்து ஒட்டியிருக்கும். அந்தக் கறை சோப்புப் போட்டாலும் உடனே போகாது.

எடை போட்ட பழம் அன்றைக்கே தோல் உரிக்கும் இயந்திரத்துக்குப் போக வேண்டும், வைத்திருந்தால் புளித்துவிடும். உரித்த கொட்டையின் வழவழப்பு போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் பரப்பி, பலகையால் தள்ளித் தள்ளிக் காயவைப்பார்கள். வெயில் அடித்தால் ஒரு வாரம், பத்து நாள். ஒரு தூறல் வந்தால் களத்தில் இருப்பவர்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த நாட்களில் அந்தப் பக்கம் நடந்தால் காற்றில் ஒரு புளிப்பு வாசம் இருக்கும். சேலத்தில், ஈரோட்டில், மதுரையில் காலையில் நாம் ஆற்றிக் குடிக்கும் டிகிரி காப்பி இந்த வாசத்தைக் கடந்துதான் வருகிறது. தலைமுறை தலைமுறையாகக் காப்பி குடிக்கும் ஒரு சமூகம், காப்பி விளையும் மலைக்கு வந்து, காப்பிச் செடியைப் படம்கூட எடுக்காமல் பெடல் படகு மிதித்துவிட்டுப் போகிறது. எனக்கு இது தாங்கவில்லை.

மார்ச், ஏப்ரலில் வந்தால் வேறொன்று. முதல் கோடை மழை விழுந்த எட்டு, பத்து நாளில் மலை முழுக்கக் காப்பி பூக்கும். கிளை கிளையாய் வெள்ளைப் பூ. வாசம் மல்லிகை போலவே இருக்கும். மூன்று, நான்கு நாளில் வாடிவிடும். அந்த மழை பிந்தினால், அல்லது பூத்த பிறகு அடுத்த மழை வராமல் போனால், வருசத்து வருமானம் போச்சு என்று பெரிய தோட்டக்காரரும் ஓர் ஏக்கர் காப்பி வைத்திருக்கும் மலைக் கிராமத்துக்காரரும் ஒன்றுபோல வானத்தைப் பார்ப்பார்கள்.

நாம் வருவது எப்போது? மே மாதம். பள்ளிக்கூட விடுமுறை, கோடை விழா, மலர்க் கண்காட்சி. பழமும் இல்லாத, பூவும் உதிர்ந்துபோன, ஊரே வண்டிகளால் அடைத்துக் கிடக்கிற மாதம். கிளியூர் அருவியில் தண்ணீர் இல்லை என்ற புகாரும் இந்த மாதத்தில் பிறப்பதுதான். கிளியூருக்குத் தண்ணீர் வருவது ஏரி நிரம்பி வழிகிற போது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அருவி கொட்டும். கோடையில் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு மலையைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

இந்த மலையில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அந்த அரை நாள் பட்டியலில் எங்கும் இல்லை. சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் மலையாளிகள். பெயரைக் கேட்டதும் கேரளத்துக்காரர்கள் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியவர் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அரசுப் பட்டியலில் பழங்குடியினர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கான தனித்தொகுதி. மலையின் உச்சியில், ஏறக்குறைய 1,620 மீட்டர் உயரத்தில், அவர்களுடைய சேர்வராயன் இருக்கிறார். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். குனிந்துதான் நுழைய வேண்டும், கூரை அவ்வளவு தாழ்ந்த குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை மண்ணுக்குள்ளேயே போய்க் காவிரியைத் தொடுகிறது என்பார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் அத்தனையும் அங்கே கூடும். மே மாதத்தில்தான் வருவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் மலர்க் கண்காட்சியை விட்டுவிட்டு இந்தத் திருவிழாவுக்காவது வரலாம்.

வேனில் வருகிறவர்களும் இந்தக் கோயிலைப் பார்க்கிறார்கள்தான். பத்து நிமிடம் நிறுத்துவார்கள். தேங்காய் உடைத்து, விபூதி பூசி, வெளியே வந்து காற்று வாங்கிவிட்டுப் போய்விடுவார்கள். இது யாருடைய சாமி என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு இடம் உண்டு. வேன் அங்கே நிற்பதே இல்லை. ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயக் கல்லறைத் தோட்டம். அங்கே இருக்கும் ஒரு பெயர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பாதிரியார். அவர் நடத்திய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர், 'தினவர்த்தமானி' இதழின் ஆசிரியர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் புத்தகமாக வெளியிட்டவர். நம் பாட்டிகள் வாயில் இருந்ததை உட்கார்ந்து எழுதிவைத்த மனிதர். 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார்.

அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கையில் எடுத்து, இந்தியாவில் மனிதன் வாழ்ந்த காலத்தைப் பல மடங்கு பின்னோக்கித் தள்ளிவைத்த நிலவியலாளர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்வது அவரைத்தான். ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டில் வீடு வைத்து வாழ்ந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார், அஸ்தி இந்த மலைக்கு வந்தது. இந்த மலையில் கிடைத்த, தேய்த்து வழவழப்பாக்கிய புதிய கற்காலக் கோடரிகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். மலை மக்கள் அந்தக் கற்களைச் சின்னக் கோயில்களில் வைத்துக் கும்பிட்டதையும் குறித்திருக்கிறார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் இதே சரிவில் ஒருவன் தேய்த்த கல், இன்னொரு தலைமுறைக்குச் சாமியாக இருந்திருக்கிறது.

அந்தக் கல்லறைகளின் முன்னால் நான் முதல்தடவை நின்றபோது எனக்கு வயது நாற்பதுக்கு மேல். அதற்குமுன் ஏற்காட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கல்யாணமான புதிதில், நண்பர்களோடு, பிள்ளைகளோடு. ஒருவர்கூடச் சொன்னதில்லை. என் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. மலையில் ஒன்றுமில்லை என்று சொல்லும் ஊரில், சொல்ல யார் இருந்தார்கள்?

மலையின் கல்லுக்கும் கதை இருக்கிறது. சேர்வராயன் மலை சார்னகைட் என்ற பாறையால் ஆனது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லைப் பார்த்துத் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இட்ட பெயர் அது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் அவர் பெயரே நிலைத்தது. மரத்துக்கும் கதை உண்டு. சூரியகாந்திக் குடும்பம் என்றால் நமக்குச் செடிதான் நினைவுக்கு வரும். அந்தக் குடும்பத்தில் மரமாகவே வளரும் ஓர் இனம் இந்த மலைக்கே உரியது, தாவரவியல் பெயரில் ஷெவராய் (சேர்வராயன்) என்ற மலைப்பெயரே இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் ஏற்காட்டில் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டத்தில் இப்படி அருகிவரும் செடிகொடிகளைக் காப்பாற்றி வளர்க்கிறார்கள். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் அங்கே உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப்போக அதைவிட நல்ல இடம் ஏற்காட்டில் இல்லை. ஏரிக்கரையில் நிற்கிற கூட்டத்தில் கால்வாசியும் அங்கே வருவதில்லை.

"ஒன்றுமில்லாத மலை" என்று சொல்வது வெறும் ரசனைக் குறைவு என்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். அந்தப் பேச்சுக்கு விளைவு உண்டு. ஒன்றுமில்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடுகிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த மலையின் உச்சிப் பரப்பிலிருந்து பல பத்தாண்டுகள் பாக்சைட் வெட்டினார்கள். 2008 வாக்கில்தான் நின்றது. சேர்வராயன் கோயிலைச் சுற்றியுள்ள மேட்டில் நின்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வெட்டிய தழும்பு இன்றும் தெரியும். அன்றைக்கு அதைக் கேட்க மலை மக்களுக்கும் சில சூழல் ஆர்வலர்களுக்கும் வெளியே பெரிதாக ஆள் இல்லை. வருசத்துக்கு லட்சக்கணக்கில் வந்துபோகும் நாம் ஏன் கேட்கவில்லை? பார்த்திருந்தால்தானே கேட்பதற்கு.

இப்போது வேறு பேச்சு. ரோப் கார் வேண்டும், கண்ணாடிப் பாலம் வேண்டும், சாகச விளையாட்டுகள் வேண்டும், அப்போதுதான் ஏற்காடு "வளரும்" என்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் விடுமுறை நாட்களில் வண்டிகள் ஊர்ந்து போவதை நாம் பார்க்கிறோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து அதே பாதை அடைபட்டதையும் பார்த்தோம். மலை தாங்கும் எடைக்கு ஓர் அளவு இருக்கிறது. ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்தான் எதையாவது கொண்டுபோய் வைக்கத் துடிப்பார். இருப்பதைக் கண்டவர் இருக்கிறபடி விடுங்கள் என்பார்.

என்னிடம் வாதாடுகிறவர்கள் கடைசியில் ஒன்று சொல்வார்கள். "உனக்கென்ன, நீ சேலத்துக்காரன். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு வருசத்தில் ஒருநாள்தான் லீவு. பிள்ளைகளைப் படகில் ஏற்றிக் காட்டுவது அவ்வளவு பெரிய குற்றமா?" இது நியாயமான கேள்வி. அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளைப் படகில் ஏற்றட்டும், பஜ்ஜி வாங்கித் தரட்டும். அவர்கள் கையில் அந்த அரை நாள் பட்டியலைத் திணிப்பவர்கள் மேல்தான் என் குறை. ஒருநாள் மட்டுமே உள்ளவருக்குத்தான் நல்ல வழி சொல்ல வேண்டும். பணக்காரர் நான்கு நாள் தங்கி, தானே எதையாவது கண்டுபிடித்துக்கொள்வார். மேலும் நான் சொல்கிற எதற்கும் பெரிய செலவே இல்லை. சாலையில் நடக்கப் பணம் வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் நிற்கப் பணம் வேண்டாம். ஏழைகளின் ஊட்டி என்று பெயர் வைத்தவர்கள் ஏழைகளிடம் படகுக்கும் பூங்காவுக்கும் பார்க்கிங்குக்கும் வரிசையாக டிக்கெட் கிழிக்கிறார்கள். அந்தக் காசில் பாதியை மிச்சப்படுத்தும் வழியைத்தான் நான் சொல்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த தடவை மே மாதத்தில் வேண்டாம், டிசம்பரில் வாருங்கள். சேலத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் ஏறி, ஏற்காட்டில் இறங்கி, ஏரிப் பக்கம் திரும்பாமல் மலைக் கிராமங்களுக்குப் போகும் அடுத்த பஸ்ஸைக் கேளுங்கள். அதில் ஏறினால் பக்கத்தில் உட்காருபவர் காப்பி பறிக்கப் போகிற பெண்ணாகத்தான் பெரும்பாலும் இருப்பார். எந்த ஊரில் இறங்கினால் நடக்கலாம் என்று அவரையே கேளுங்கள், சொல்வார்.